கூலியும் மாத்திரையும்: நெல்லைச் சீமையில் ஏழை வீட்டு இதயம்

மாரடைப்பு பணக்கார வியாதி என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை. "வெயில்ல நின்னு உழைக்கிற உடம்பு, நமக்கெல்லாம் அது வராது" என்பார்கள். வருகிறது. வந்தால் பிழைப்பது யார், சாவது யார் என்பதில்தான் காசு நுழைகிறது.

இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் மாரடைப்போடும் அதை ஒட்டிய நெஞ்சுவலியோடும் சேர்ந்த சுமார் 20,000 பேரைக் கவனித்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் 5.5 விழுக்காடு, ஏழைகளில் 8.2 விழுக்காடு. ஏழைகளின் உடம்பு மோசமாக இருந்ததுதான் காரணமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இடைவெளி அப்படியே நின்றது. கிடைத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்தபோது இடைவெளி மறைந்துவிட்டது. அதாவது, அதே ஊசியும் அதே மாத்திரையும் அதே கவனிப்பும் கிடைத்திருந்தால் ஏழையும் அதே அளவுக்குப் பிழைத்திருப்பார். 20 நாடுகளில் நடந்து 2019-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் இதையே வேறு பக்கமிருந்து சொன்னது. ஏழை நாடுகளில் படிப்புக் குறைந்தவர்களுக்குக் கொழுப்பு, பருமன் போன்ற கோளாறுகள் மொத்தத்தில் குறைவு. ஆனால் இதய நோயும் சாவும் அதிகம். அவர்களுக்குக் கிடைத்த மருத்துவம் மோசம்.

பெண்களுக்கு இந்த அடி இன்னும் கனமாக விழுகிறது. படிப்பும் வருமானமும் குறைந்தால் ஆணுக்கும் இதய ஆபத்து ஏறும், பெண்ணுக்கும் ஏறும். பெண்ணுக்கு ஏறும் அளவு கூடுதல் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஏன் என்பதற்கு முக்கூடல், மேலப்பாளையம், வீரவநல்லூர், ஆலங்குளம் பக்கத்துப் பீடி சுற்றும் வீடுகளைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

மடியில் சொளவு என்னும் முறம், சொளவில் பீடி இலையும் புகையிலைத் தூளும். காலையில் சமையலை முடித்து உட்கார்ந்தால் இடையில் பிள்ளைகள், தண்ணீர், துணி என்று எழுந்து எழுந்து இரவு வரை ஓடும். கூலி ஆயிரம் பீடிக்குக் கணக்கு. நாளுக்கு ஆயிரம் எல்லோராலும் முடியாது. ஐந்நூறு, எழுநூறோடு இடுப்பு விட்டுப் போகும். கம்பெனி கொடுத்த இலை ஓட்டையும் காய்ந்ததுமாக இருந்தால் எண்ணிக்கை குறையும். அந்தக் குறையைக் கடையில் இலை வாங்கிச் சுற்றுகிற பெண்தான் ஈடுகட்ட வேண்டும். கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது. இலை நல்லதா, பீடி நல்லதா, இன்றைக்கு எவ்வளவு சுற்ற வேண்டும் என்று எதையும் முடிவு செய்வது அவள் இல்லை.

இந்தக் கடைசிச் செய்தியை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம். லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களில் பட்டினி கிடந்தவர் யாருமில்லை; எல்லோருக்கும் மாதச் சம்பளம். ஆனாலும் பதவி ஒவ்வொரு படி இறங்க இறங்க இதய நோயால் இறப்பது கூடியது. பின்னால் வந்த அடுத்த கட்ட ஆய்வில், தன் வேலையில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாமை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. சம்பளம் உள்ள அலுவலகத்திலேயே அப்படி என்றால், வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் உட்காரும் வீட்டில் எப்படி இருக்கும்? மகளிர் குழு லோன், நகை வட்டி, அதற்கு மேல் கந்துவட்டி. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. 2017-இல் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த ஊர் மறக்கவில்லை. கடன் உள்ள வீட்டில் தூக்கம் கெடுகிறது, பிரஷர் ஏறுகிறது, முதலில் வெட்டப்படும் செலவு மாத்திரையாக இருக்கிறது. இவற்றில் மூன்றாவதைத்தான் நம்மால் உடனே தடுக்க முடியும், ஏனென்றால் பிரஷர், சர்க்கரை மாத்திரை அரசில் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். காசு இல்லாத மாதத்தில் தனியார் கிளினிக் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அந்தச் சீட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அங்கே இருக்கும் இணையான மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பீடி வீட்டில் இதயத்துக்கு இன்னொரு பகை, மேலு வலி (உடம்பு வலி) மாத்திரை. குனிந்தே உட்கார்ந்து இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்ள, மெடிக்கலில் சின்னக் காகிதத்தில் மடித்துத் தரும் செட்டு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் இருக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தைத் தின்னும், தொடர்ந்து போட்டால் மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பிரஷர் இறங்காத பெண்ணிடம் நாங்கள் முதலில் கேட்பது உப்பை அல்ல, "மேலு வலிக்கு என்னம்மா போடுதீய?" என்பதைத்தான். வலி தாங்காத நாளுக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று, அதுவும் தினமும் தேவைப்பட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நூறு பீடிக்கும் சொளவை இறக்கி வைத்து எழுந்து, வாசல் வரை நடந்து, முதுகை நிமிர்த்திவிட்டு உட்கார்ந்தால் செட்டு மாத்திரையின் தேவையே பாதி குறையும். முதுகைச் சுவரில் சாய்த்து, காலை மாற்றி மாற்றி நீட்டி உட்காருவதும் உதவும்.

தூள் விஷயமும் உண்டு. புகையிலைத் தூள் மூச்சிலும் விரலிலும் ஏறுகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது, பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது. ஜன்னல் உள்ள பக்கமாக உட்கார வேண்டும். சுற்றுகிற பெண்கள் பலர் வெற்றிலையோடு போயிலையும் அடக்குகிறார்கள். பல்வலிக்கு என்று ஆரம்பித்து, பசியடக்க என்று தொடர்கிறது. வாயில் வைக்கும் புகையிலையும் நாடியையும் பிரஷரையும் ஏற்றும். புகைத்தால்தான் கெடுதல் என்பது தவறான நம்பிக்கை.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்ட பிறகு சட்டியில் மீனோ முட்டையோ மிஞ்சுவதில்லை. அவளுக்கு ரேஷன் அரிசிச் சோறும் குழம்பும். மறுநாள் காலை பழையதும் தொட்டுக்க ஊறுகாய், மோர் மிளகாய், சுட்ட கருவாடு ஆகியவற்றில் ஒன்றும். வயிறு நிறைகிறது, உப்பும் நிறைகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் உப்பு, தலை தட்டிய ஒரு டீஸ்பூன். இதை யாரும் எடை போட்டுச் சமைக்க மாட்டார்கள். அதனால் வேறு வழி: உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன் மேல் தேதியை எழுதுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். ஒரு மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது, ஊறுகாயும் கருவாடும் தனி. சோறு வடிக்கையில் போடும் உப்பை நிறுத்துவது முதல் படி. யாருக்கும் ருசி தெரியாது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தரம் கழுவினால் மேலுப்பு கொஞ்சம் போகும், எல்லாம் போய்விடாது. பழையதுக்குத் துணையாக ஊறுகாய்க்குப் பதில் சின்ன வெங்காயமும் காணத் (கொள்ளு) துவையலும் வைத்தால் உப்பும் குறையும், புரதமும் சேரும்.

விலை குறைந்த நல்ல சாமான் நம் ஊரில் இல்லாமல் இல்லை. காணம், சிறுபயறு, உளுந்து, முருங்கைக்கீரை, உவரி கடற்கரையிலிருந்து வரும் சாளை. சாளை (மத்தி) மலிவான மீன். இதயத்துக்கு நல்ல கொழுப்பு அதில் நிறைய. வறுக்காமல் குழம்பாக வைத்து, வீட்டுப் பெண்ணின் தட்டிலும் ஒன்று விழ வேண்டும். ரேஷன் பாமாயிலில் வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக் கூடாது.

ஆண்களின் கதை வேறு மாதிரி. பெண்ணைவிட ஏறக்குறைய 9 ஆண்டு முன்னதாகவே ஆணுக்கு முதல் மாரடைப்பு வருகிறது என்று 52 நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. தெற்காசியர்களுக்கு அது மற்ற நாட்டாரைவிட இன்னும் சில ஆண்டுகள் முன்பே வருகிறது என்றும் அதே ஆய்வு சொன்னது. லோடு ஏற்றுபவர், கொத்தனார், செங்கல் சூளைக்காரர், லாரி ஓட்டுபவர் எல்லோரிடமும் பீடி உண்டு, மாலையில் குவார்ட்டர் உண்டு. பீடி இலைதானே, சிகரெட்டை விடச் சாது என்கிறார்கள். பீடிப் புகையில் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்ஸைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. அணையாமல் இருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருப்பதால் உள்ளே போவது கூடும். பீடியைப் பாதியாகக் குறைத்தேன் என்பதில் இதயத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். முழுதாக விட்டால் ஓராண்டுக்குள் ஆபத்து நன்றாக இறங்கும்.

ஆண்கள் பிரஷர் பார்ப்பதில்லை என்று குறை சொல்வதற்கு முன், எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்று நாம் யோசிக்க வேண்டும். தன்னார்வலர் பகலில் வீட்டுக்குப் போகிறார். வீட்டில் இருப்பது பெண்களும் முதியவர்களும். ஆண் வேலைக்குப் போயிருப்பான். ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கர்ப்பிணிகளின் இடமாக நினைப்பவனை அங்கே வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போகும். காலை ஆறு மணி டீக்கடை, கூலிக்கு ஆள் கூடும் முக்கு, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைப் பக்கம் என்று போனால் முப்பது வயதிலேயே 160/100 உள்ளவர்கள் கிடைப்பார்கள். ஊர்த் தலைவர்களும் குழுப் பெண்களும் இந்த நேரங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

பிரஷர் பார்ப்பதிலேயே நிறையத் தவறு நடக்கிறது. நடந்து வந்த மூச்சு அடங்க 5 நிமிடம் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல். அரை மணி நேரத்துக்குள் டீ, பீடி, போயிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்கார வேண்டும். முட்டிக்கொண்டிருந்தால் அளவு ஏறிக் காட்டும். பெண்களுக்கு ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்கும். அதைச் சுருட்டி மேலே ஏற்றினால் கயிறு கட்டியது போலாகிவிடும். சேலை மேல் பிரஷர் கருவியின் பட்டையைச் சுற்றினாலும் சரிவராது. பார்க்கப் போகும் நாளில் தளர்ந்த கை வைத்த ரவிக்கையோ நைட்டியோ போட்டுப் போவது நல்லது. தடித்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். இரண்டு முறை எடுத்து, வேறொரு நாளும் எடுத்து, 140/90-க்கு மேலேயே நின்றால்தான் பிரஷர் என்று உறுதி. மிக அதிகமாக இருந்தால் காத்திருக்கக் கூடாது.

மாத்திரையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சுவரில் ஆணி, ஆணியில் ஜவுளிக்கடைப் பை, பைக்குள் பாதி தீர்ந்த அட்டைகள். ஒரு பையில் அரசு கொடுத்த அம்லோடிபின் என்னும் பிரஷர் மாத்திரை 5 மி.கி. அட்டை ஒன்று, தனியார் கிளினிக்கில் எழுதிய வேறு பெயர் அட்டை இன்னொன்று. பின்னால் இருக்கும் சிறிய எழுத்தைப் படித்தால் அதுவும் அம்லோடிபின்தான். இரண்டையும் போட்டுவிட்டுத் தலை சுற்றி விழுகிறார்கள். அல்லது கால் வீங்கி, "இந்த மாத்திரை எனக்கு ஆகாது" என்று எல்லாவற்றையும் நிறுத்துகிறார்கள். மாதம் ஒருமுறை அந்தப் பையைத் தரையில் கவிழ்த்து, பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளையை விட்டு மருந்தின் பெயரைப் படிக்கச் சொல்லி, ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் செவிலியரிடம் காட்டுங்கள்.

மாத்திரையை நிறுத்துவதற்கு மற்றவர்கள் நினைப்பது போல அலட்சியம் மட்டும் காரணமில்லை. எனலாப்ரில் என்னும் பிரஷர் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அது மருந்தின் வேலை என்று தெரியாமல் மாதக்கணக்கில் இருமல் டானிக் வாங்குகிறார்கள். சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் அடிக்கடி போக வேண்டிவரும். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகும் பெண் எங்கே போவாள்? ஒதுங்க இடமில்லாததால் வேலை உள்ள நாளெல்லாம் அந்த மாத்திரையை விடுகிறாள். யாரும் கேட்காததால் சொல்வதுமில்லை. இதைச் சொன்னால் மருத்துவர் வேறு மாத்திரை தருவார், சொல்ல வேண்டும். ராதாபுரம், திசையன்விளை பக்கம் பனையேறுபவர்கள் தங்கள் தொழிலை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புது மாத்திரையால் முதல் சில நாள் தலை கிறுகிறுக்கலாம், மரத்தின் மேல் அது உயிர்ப் பிரச்சினை. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண் எனலாப்ரிலோ லோசார்டனோ போட்டுக்கொண்டிருந்தால், நாள் தள்ளிய உடனே அதை மாற்ற வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல்.

பெண்ணின் இதயத்தைப் பற்றி அவளுடைய கர்ப்பகால அட்டையே முன்கூட்டிச் சொல்லிவிடும். பிள்ளை உண்டாகியிருந்தபோது பிரஷர் ஏறி, கால் கை வீங்கி, சிறுநீரில் புரதம் போயிருந்தால் அவளுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. கர்ப்பகாலச் சர்க்கரையும் அப்படித்தான். பிரசவம் முடிந்து பிள்ளைக்குத் தடுப்பூசி போடத்தான் வருகிறார்கள், தாயின் கையில் யாரும் பட்டையைச் சுற்றுவதில்லை. பிரசவமாகி மூன்றாம் மாதம் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். பழைய அட்டையைக் கிழித்துப் போடாதீர்கள். இன்னொன்று கர்ப்பப்பை அறுவை. நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பையை எடுத்த பெண்கள் நம் ஊர்களில் சாதாரணம். சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால் மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும், இதயத்துக்கு இருந்த இயற்கைப் பாதுகாப்பு பத்துப் பதினைந்து ஆண்டு முன்பே போய்விடும். டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கும்.

ஒற்றை அறையில் ஆறேழு பேர் படுக்கும் வீடுகளில் இன்னொரு இதய நோய் உண்டு, அது பிள்ளைப் பருவத்தில் பிடிப்பது. தொண்டைப் புண் வந்து சில வாரம் கழித்து மூட்டு மூட்டாக வலி மாறி மாறி வரும். இந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டே வந்தால் மேலும் கெடாமல் நிறுத்தலாம். பெண்பிள்ளை என்றால் பதினெட்டு வயதில் ஊசி நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். கல்யாணமாகி ஏழாம் எட்டாம் மாதத்தில் உடம்பில் ரத்த அளவு உச்சத்துக்கு ஏறும்போது, சுருங்கிய வால்வு தாங்காமல் படுத்தால் மூச்சு முட்டும். அந்த ஊசியைக் கர்ப்பத்திலும் தொடரலாம். மறைத்ததால் போன உயிர்கள் உண்டு. பெற்றவர்கள் தயவுசெய்து ஊசி அட்டையைப் பெண்ணோடு அனுப்ப வேண்டும்.

இனி, வலி வந்த நேரம்.

இரவு பத்து மணிக்குப் பெண்ணுக்கு நெஞ்சு கனக்கிறது, முதுகு இழுக்கிறது, சட்டை நனைய வியர்க்கிறது. "என்ன தாயி செய்யுது?" என்று மாமியார் கேட்டால், "ஒண்ணுமில்லத்தே, வாயு பிடிச்சிருக்கு" என்பாள். பெருங்காயத் தண்ணீர், சோடா, முதுகில் தேய்த்துவிடுதல் என்று நேரம் போகும். விடியட்டும் என்பார்கள். முதலில் சொன்ன 89 மருத்துவமனை ஆய்விலேயே வலி தொடங்கி மருத்துவமனை சேர பாதிப் பேருக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ ஆனது. ரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் அதிகம். 12 மணி நேரத்துக்குப் பிறகு பெரும்பாலும் பயனில்லை.

பெண்ணுக்கும் நெஞ்சு வலிதான் முக்கிய அடையாளம். ஆனால் அதோடு மூச்சிரைப்பு, தாடை வலி, இரு தோள்பட்டைக்கு நடுவில் வலி, குமட்டல், காரணமில்லாத அசதி என்று கலந்து வருவதால் நெஞ்சைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் இரைப்பும் மட்டும் வரலாம். தாடைக்கும் தொப்புளுக்கும் இடையில் புதிதாக வரும் எந்த அழுத்தமும் 15 நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, வியர்வை சேர்ந்தாலோ, வாயு என்ற பேச்சே வேண்டாம்.

108-க்கு அடித்து, ஊர்ப் பெயரோடு பஸ் ஸ்டாப், கோயில், பள்ளி என்று அடையாளமும் சொல்லுங்கள். ஊரை விட்டுத் தள்ளிக் கட்டிய காலனிகளுக்கு வண்டி உள்ளே வரப் பாதை இருக்காது. வண்டி வைத்திருப்பவர்கள் மெயின் தெருவில், சாதியால் அவர்களிடம் கேட்கத் தயங்குபவர்கள் காலனியில் என்று இருக்கும் ஊர்களில் நேரம் இங்கேதான் சாகிறது. யாராவது ஒருவர் டார்ச்சோடு ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும். நோயாளியை நடக்க வைக்காமல் நாற்காலியில் தூக்கி வர வேண்டும். பைக்கில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகக் கூடாது, வழியில் மயங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. நினைவும் மூச்சும் நின்றுவிட்டால் தரையில் படுக்க வைத்து நெஞ்சின் நடுவில் இரு கையும் வைத்து 5 செ.மீ. இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பெண் என்பதற்காக நெஞ்சில் கை வைக்கத் தயங்கக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோகிரெல் 75 மி.கி. நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு, மொத்தம் பதினாலு. இதை வீட்டில் வாங்கி வைத்து நாமே போட வேண்டாம். பக்கவாதத்தில் வாய் கோணியிருந்தாலோ ரத்தக் கசிவு இருந்தாலோ இதே மாத்திரை கேடாகும். உங்கள் ஊருக்குப் பக்கத்து நிலையத்தில் இரவில் மருத்துவர் இருப்பாரா, இல்லையென்றால் இ.சி.ஜி. எடுத்து ஊசி போடும் அடுத்த இடம் எது என்பதை நல்ல நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) சுமார் 35 கிலோமீட்டர். மலையில் மாஞ்சோலைக்காரர்களுக்கும் காரையாறு பக்கத்துக் காணி மக்களுக்கும் தூரத்தோடு மலைப்பாதையும் சேரும். அவர்கள் நெஞ்சு கனத்தால் இறங்கத் தொடங்கிவிட வேண்டும், விடியக் காத்திருக்கக் கூடாது.

எந்தக் கிளினிக் போனாலும் வாயுவுக்கான கேஸ் ஊசி போடுவதற்கு முன்னால் இ.சி.ஜி. கேளுங்கள். வந்து 10 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும் என்பது விதி. முதல் இ.சி.ஜி. நன்றாக இருந்தும் வலி தொடர்ந்தால் அரை மணிக்குள் மறுபடி எடுக்க வேண்டும்; ரத்தத்தில் டிரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) பார்க்க வேண்டும். பெண்களைத்தான் அதிகம் ஒரு கேஸ் ஊசியோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூட வந்தவர் தைரியமாகக் கேட்டால் நிலைமை மாறும்.

கட்டி கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் டிரிப்பில் ஏறும். டெனெக்டெப்ளேஸ் ஒரே ஊசியில் முடிந்துவிடும். அதோடு வேலை முடியவில்லை. 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாயில் அடைப்பு எங்கே என்று பார்க்கும் படம்) பார்ப்பதே இப்போதைய முறை. "ஊசி போட்டுச் சரியாயிட்டு, வீட்டுக்குப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டு இறங்குபவர்களில் பெண்கள் பலர். பிள்ளைகளை யார் பார்ப்பது, செலவு எவ்வளவு ஆகும் என்ற இரண்டு கேள்விதான் காரணம்.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆஞ்சியோவும், அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு கம்பி வலையும் அதில் உண்டு. ஆனால் அட்டை இல்லாமல் போவதும் பெண்ணுக்குத்தான் அதிகம். கல்யாணமாகியும் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். புருஷன் வீட்டுக் காப்பீட்டில் அவள் இருக்க மாட்டாள். பிரிந்து வாழ்பவளுக்கு இரண்டிலும் இல்லை. ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்றாலும் சிக்கல் வரும். நல்ல நாளிலேயே பெயரைச் சேர்த்து, வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிவு செய்து, நகலை அந்த ஆணிப் பையிலேயே வைத்துவிட வேண்டும். பீடி அடையாள அட்டை உள்ளவர்கள் தொழிலாளர் நல மருத்துவமனை உதவியையும் கேட்கலாம்.

ஸ்டென்ட் வைத்து வந்தவர் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் மருத்துவர் சொன்ன காலம் வரை, இரண்டையும் சேர்த்துப் பொதுவாக ஓராண்டு, ஒரு நாளும் விடக் கூடாது. விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி அடைக்கும். அது முதல் அடைப்பைவிடக் கொடியது. பல் பிடுங்கப் போனால், ஈறில் ரத்தம் கசிந்தால் தாமாக நிறுத்தாமல் இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். அட்டையில் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே தன்னார்வலருக்குச் சொல்லிவிடுங்கள். ஊர்த் திருவிழா, அறுவடை, மழை என்று அவர் வராத வாரம் வரும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதில் ஏறியாவது போய் வாங்கி வந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பெண் குடம் தூக்குகிறாள், துணி துவைக்கிறாள். ஆண் ஒரு மாதம் கட்டிலில் கிடக்கிறார். இருவருக்கும் ஒரே அளவுதான்: முதல் வாரம் வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடை, பிறகு தெரு முனை வரை, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் வாரம் ஐந்து நிமிடம் கூட்டி அரை மணி நேரம் வரை. தண்ணீர்க் குடத்தை அதுவரை வீட்டில் மற்றவர் எடுக்க வேண்டும். சொளவை மடியில் திரும்ப வைக்கும் நாளை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள், குழுத் தவணை நாளைப் பார்த்து அல்ல.